பொம்பெய் வீட்டு வரைபடத்தைப் படிப்பது எப்படி?

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பொம்பெய் என்ற ரோமானிய நகரத்து வீடுகளின் வரைபடத்தில் முதலில் இம்ப்ளூவியத்தைத் தேடுங்கள். தரையில் பதிந்த, ஆழமில்லாத செவ்வகத் தொட்டி அது. நேர் மேலே கூரையில் திறப்பு. நாலு பக்கச் சரிவிலிருந்தும் மழைநீர் இதில் விழுந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகும். சுற்றியிருக்கும் கூடம்தான் ஏட்ரியம். அங்கிருந்து தெருப்பக்கம் நீளும் குறுகிய நடை ஃபௌகேஸ். எதிரே அகலமாகத் திறந்திருப்பது வீட்டுத்தலைவர் ஆட்களைச் சந்திக்கும் அறையான டப்ளினம். ஓரத்துச் சின்ன அறைகள் பெரும்பாலும் படுக்கைக்கு. டப்ளினத்துக்குப் பின்னால் தூண் வரிசை தெரிந்தால், பெரிஸ்டைல் தோட்டம்.

பலரும் தடுமாறுவது வாசலில்தான்: இருபுறமும் தெருவைப் பார்த்திருப்பவை கடைகள். கடையிலிருந்து வீட்டுக்குள் போகக் கதவு இல்லையென்றால் வாடகைக்கு விட்டதாக இருக்கலாம். கழிப்பறையா? சமையலறைப் பக்கம் பாருங்கள். நமக்கு முகம் சுளிக்கும், ஆனால் பல வீடுகளில் அங்கேதான்.