புரூன்னனில் பேனாக்கத்தியை நீங்களே கோர்த்துப் பூட்டலாம்

சுவிட்சர்லாந்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் டிட்லிஸ், யுங்ஃபிராவ் என்று பனியிலேயே நாளைக் கழித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் கடையில் ஒரு சிவப்புக் கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். அதே கத்தியைப் பிள்ளையின் கையாலேயே பாகம் பாகமாகக் கோர்த்துப் பூட்ட வைக்கலாம். லூசர்ன் ஏரிக்கரையில் இருக்கும் புரூன்னன் என்ற சிற்றூரில், அந்தக் கத்தியைச் செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் பார்வையாளர் மையத்தில் இதற்கென்றே மேசை போட்டிருக்கிறார்கள். கோவையில் லேத் பட்டறை நடத்துகிற எனக்கு மலைகளைவிட இதுதான் பிடித்தது.

முதல் வேலை முன்பதிவு. இடம் கொஞ்சம்தான். பதிவு செய்யும்போதே பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். லூசர்னிலிருந்து ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். படகில் இரண்டு மணி நேரம் ஆகும். போகும்போது ரயில், திரும்பும்போது படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பதற்றம் இருக்காது. சுற்றுலாப் பயணிகளுக்கான பயணச்சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் இரண்டுக்கும் செல்லும்.

மேசையில் உட்காருவதற்கு முன் அங்கேயே இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பக்கத்து ஊரான இபாக்கில் இந்த நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1884இல் பட்டறை போட்டார். 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிப்பாய்க் கத்தி கனமானது. 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில்தான் சூட்சுமம்: ஆறு கருவிகளுக்கு, அவற்றைப் பிடித்து நிறுத்தும் பட்டை ஸ்பிரிங் இரண்டே. முதுகுப் பக்கத்துக் கருவிகளையும் அதே ஸ்பிரிங்தான் தாங்கும். இதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட்டால், மேசையில் எதை எதற்காக வைக்கிறோம் என்று அதுவே கண்டுபிடிக்கும்.

அங்கே பூட்டுவது ஸ்பார்ட்டன் என்ற மாடல். மூடினால் 91 மி.மீ. நீளம். தாங்கியில் ரிவெட்டுகளை, அதாவது பாகங்களைப் பிணைக்கும் ஆணிகளை, நிறுத்தி, முதல் தகட்டைக் கோர்க்க வேண்டும். அப்புறம் ஸ்பிரிங், பெரிய பிளேடு, சின்ன பிளேடு. நடுத்தகடு. அதன்மேல் அடுத்த ஸ்பிரிங், மூடி திறப்பான், டின் திறப்பான். முதுகுப் பக்கம் துளையிடும் ஊசியும் கார்க் திருகியும். ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு ஓட்டைக்கு நேராக வராது. பிள்ளை அழுத்திப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். கையை நீட்டாதீர்கள். பயிற்றுநர் பக்கத்திலேயே நிற்கிறார், அதற்கான நெம்புகோலும் இருக்கிறது. எல்லாம் கோர்த்தபின் ரிவெட்டை இறுக்கி, இரு பக்கமும் சிவப்புக் கைப்பிடியை அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். பல்குச்சியையும் இடுக்கியையும் செருகினால் வேலை முடிந்தது. மொத்தம் கால் மணி நேரம்தான், அதனால் அவசரப்படுத்தாதீர்கள்.

எழுவதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் திறந்து மூடிப் பாருங்கள். மூடும்போது பிளேடு 'சடக்' என்று உள்ளே இழுபட வேண்டும். தொளதொளவென்று ஆடினால் அங்கேயே காட்டிவிடுங்கள். உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் பிளேடை 56க்கும் ஸ்பிரிங்கை 49க்கும் பதப்படுத்துகிறார்கள். ஸ்பிரிங் வளைந்து கொடுக்க வேண்டுமே! எங்கள் பட்டறைப் பையன்களுக்கு இதைச் சொன்னால் புரியும், வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இனி பெட்டி விஷயம். கத்தியை உடனே செக்‑இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். தோள்பையில் மறந்து வைத்தால் விமான நிலையச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். 'நானே செய்தது' என்று பிள்ளை அழுதாலும் திரும்பக் கிடைக்காது. கைப்பையோடு மட்டும் பறக்கிற குடும்பம் இதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் மாம்பழம் நறுக்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாகத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.