விலை கூடிய மசாலா: காசு எங்கே வீணாகிறது?

நல்ல ரக மசாலா வாங்குவதில் தவறில்லை. அதைப் பொடியாக வாங்குவதில்தான் பாதிக் காசு போகிறது. முழு மிளகுக்குள் வாசனை எண்ணெய் பத்திரமாக இருக்கும். அரைத்த நிமிடத்திலிருந்து அது பறக்கத் தொடங்கிவிடும். காரத்தைத் தரும் பிப்பெரின் அப்படிச் சுலபமாக ஆவியாகாது. பழைய மிளகுத்தூள் நாக்கில் உறைத்தாலும் மூக்குக்கு ஒன்றும் எட்டாதது இதனால்தான். உயர்ரகத் தூளைவிட, சாதாரண முழு மிளகை அப்போதைக்கப்போது தட்டிப் போடுவதே மேல்.

அடுத்தது, வைக்கும் இடம். நான் விலை கொடுத்து வாங்கிய ஏலக்காய்த்தூளை அடுப்புக்கு மேலேயே வைத்திருந்தேன். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் புட்டியை நேராகக் கவிழ்ப்பதும் வழக்கம். ஆவி உள்ளே புகுந்து தூள் கட்டிதட்டிப்போனது. கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாசனை? மரத்தூள்தான். வெளிச்சமும் சூடும் படாத இடம், இறுக்கமான மூடி, ஈரமில்லாத கரண்டி. இவ்வளவு போதும். பெரிய பொட்டலம் மலிவு என்று வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பதும் இதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் உயர்ரகம் என்பதும் வேண்டாம். பத்துச் சாமான் சேர்ந்து ஒரு மணி நேரம் கொதிக்கும் பாத்திரத்தில் சீரகத்தின் ரகத்தை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒரே மசாலா தனியாக நின்று பேசும் இடத்தில் கொடுங்கள் காசை. வெனிலாவும் அப்படித்தான்: அடுப்பில் வேகும் கேக்கில் செயற்கை வெனிலினே சமாளித்துவிடும், சூடு காட்டாத கிரீமில்தான் அசல் தெரியும்.

விலை கூடினால் வீரியமும் கூடும் என்று நினைக்காதீர்கள். மெல்லிய தாள்களாகச் சுருண்டு, கையால் நொறுங்கும் இலங்கைப் பட்டைதான் விலை அதிகம். ஆனால் தடித்த காசியா பட்டையைவிட அது மென்மையானது. சூடான வாசனை தூக்கலாக வேண்டுமென்றால் காசியாவே சரி. தினமும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் இலங்கைப் பட்டை நல்லது. ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதில் மிகக் குறைவு.

குங்குமப்பூ விஷயத்தில் தவறு நேர்மாறானது: மலிவாகத் தேடுவது. ஒரு பூவில் மூன்றே இழை. ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூக்கள், எல்லாம் கையால் பறித்தவை. அது எப்படி மலிவாக வரும்? வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு இழை போட்டுப் பாருங்கள். அசலானது மெதுவாகப் பொன்மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம்.