குடியை நிறுத்தும் வாரத்தில் வீட்டார் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் குடியை விடுவதற்கென்றே சில நாட்கள் உண்டு. கார்த்திகையில் மாலை போடுகிறவர் அன்றோடு நிறுத்துவார். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தவக்காலம் தொடங்கியதும் சிலர் பாட்டிலைத் தொட மாட்டார்கள். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல முடிவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சாராயம் மூளையை மந்தமாக்கும். வருடக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, ஈடுகட்டுவதற்காக எப்போதும் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கும். குடி சட்டென்று நின்றதும் அந்த வேகத்தை அடக்க எதுவும் இல்லாமல் போகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைதான் மிக மோசமான கட்டம். சுவரில் இல்லாத பூச்சி ஊரும், யாரோ கூப்பிடுவது போலக் கேட்கும், எந்த இடம், என்ன நேரம் என்று தெரியாது, உடம்பு கொதிக்கும். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. நேற்றுவரை நன்றாகப் பேசிய ஆள், குடியை விட்ட மூன்றாம் நாளில் பிதற்றினால் பேய் பிடித்துவிட்டது, செய்வினை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆம்புலன்சுக்குப் பதில் மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள், கட்டிப் போடுகிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் இறந்துபோனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வெளிப்படையாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது. நேர்ச்சை இருந்தால் பிறகு செய்துகொள்ளலாம். பிதற்றலும் காய்ச்சலும் வந்துவிட்டால் அந்த மணி நேரமே 108தான். மருத்துவமனையில் டயாசெபாம் போன்ற மாத்திரையை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து இறக்கிவிடுவார்கள். முன்கூட்டியே போயிருந்தால் பெரும்பாலோருக்கு அந்த மூன்றாம் நாள் இரவு வராமலே போகும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் ஒரு பயனும் இல்லை. வாயில் கரண்டி, துணி எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நேற்று இரவு சத்தியம் செய்துவிட்டு இன்று படகேறுவது சரியான யோசனை இல்லை. வலிப்பு வரக்கூடிய நேரத்தில் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, சிகிச்சை தொடங்க அதைவிடத் தோதான காலம் கிடையாது. சும்மா இருக்கிறோம் என்று அதிகமாகக் குடிப்பதும் அந்தக் காலத்தில்தான், அது வேறு கதை.

அப்புறம் குளுக்கோஸ். 'உடம்பு தளர்ந்து கிடக்கிறார், ஒரு பாட்டில் ஏற்றுங்கள்' என்று பக்கத்துக் கிளினிக்கில் கேட்பார்கள். குடிப்பதை மட்டும் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கால் முறிவு, குடலிறக்கம் என்று வேறு எதற்காகச் சேர்த்தாலும், தினம் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழம்பில் ரகசியமாக மாத்திரை கலந்து கொடுப்பது இன்னொரு விபரீதம். டைசல்பிராம் என்ற அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நிற்கலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும். சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

இளைஞர்களிடம் இப்போது சிக்கல் பாட்டில் மட்டும் இல்லை. டபென்டடால் போன்ற வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். மருந்துக் கடைச் சரக்குதானே என்ற நினைப்பு. மாத்திரையில் சேர்த்திருக்கும் மாவுப்பொருள் கரையாது, ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் சேர்ந்து வரும். இந்த வகை போதை அதிகமாகிவிட்டால் மூச்சு மெதுவாகும், உதடு நீலம் பாரிக்கும், தொண்டையில் கொறகொறவென்று சத்தம் வரும். 'தூங்கட்டும், தெளிஞ்சிடும்' என்று விட்டுவிடாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மோரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். இந்தப் போதையை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து மருத்துவமனையில் உண்டு, அதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை.

இதே ஊசிப் பழக்கத்தை விட்டவருக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். போதை மறுவாழ்வு மையத்தில் இருந்து வந்தவர் ஒருநாள் தடுமாறி, பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். திரும்பி வந்த மகனிடம் இதைச் சொல்ல வீட்டார் கூசுகிறார்கள், வாயை வைத்தால் நடந்துவிடுமோ என்று. சொல்லித்தான் ஆகவேண்டும். அவசரமாகக் கல்யாணம் செய்துவைப்பது மருந்தல்ல, இன்னொரு வீட்டையும் சேர்த்து இழுத்துவிடும்.

வெளியே சொன்னால் போலீஸ் வருமே என்ற பயம் இந்தக் கரையில் கொஞ்சம் கூடுதல்தான். மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடையில் கடத்தல் பொட்டலம் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது, அதனால் மகனை ஒளித்துவைக்கிறார்கள். கடத்துகிறவர் வேறு, அடிமையானவர் வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரே போனாலும் சரி. போகும்போது அவர் சட்டைப்பையிலோ தலையணைக்கு அடியிலோ கிடந்த காலி மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று அதைப் பார்த்தாலே மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.