காயைப் பிள்ளையே நகர்த்தட்டும்

போன வாரம் தெரிந்தவர் வீட்டில் ஓர் அப்பாவும் ஆறு வயது மகனும் பாம்பு ஏணி ஆடிக்கொண்டிருந்தார்கள். பையனின் காய் 37-இல் இருந்தது. பகடையில் ஐந்து விழுந்தது. அவன் கையை நீட்டுவதற்குள் அப்பா "நாற்பத்திரண்டு" என்று சொல்லிக் காயைத் தூக்கி வைத்துவிட்டார். எனக்கு மனசு பதைத்தது. தொடக்கப் பள்ளியில் பல வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த நானே என் மகளிடம் இதைத்தான் மாதக்கணக்கில் செய்தேன்.

பிள்ளையைத் திட்டக் கூடாது, விளையாட்டைப் பரீட்சையாக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பிள்ளையோடு விளையாடிக் கணக்குப் பழக்கும்போது நாம் அறியாமல் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காயை நாம் நகர்த்துவது

பாம்பு ஏணியில் கணக்கு இருப்பதே ஒரே ஓர் இடத்தில்தான்: பகடை நின்றதற்கும் காய் நிற்பதற்கும் நடுவில். அந்தச் சில நொடிகளை நாம் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பகடை உருட்டுவது மட்டும்.

என் மகள் ஆட்டத்தில் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் அடுப்படியில் இருந்ததால் அவளே காயை நகர்த்தினாள். நின்றிருந்த கட்டத்தையே "ஒன்று" என்று தொட்டு எண்ண ஆரம்பித்தாள். 37-இலிருந்து ஐந்து போய் 41-இல் நின்றாள். அத்தனை மாதமும் இந்தத் தவறு உள்ளேயே இருந்திருக்கிறது. என் அவசரம் அதை மூடி வைத்திருந்தது. அதை மாற்ற இன்னும் பல வாரங்கள் பிடித்தன. இன்றைக்கும் யாராவது பிள்ளையின் காயைத் தொட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இன்னொன்று, எப்படி எண்ணுகிறார்கள் என்பது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி நகர்ந்தால் பிள்ளை கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பதே இல்லை. "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது" என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகரச் சொல்லுங்கள். லாஸ்கி, சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புப் பிள்ளைகளை 100 வரை எண்கள் உள்ள பலகையில் இந்த இரண்டு விதமாகவும் ஆடவைத்துப் பார்த்தார்கள். கட்டத்தின் எண்ணைச் சொல்லி ஆடியவர்கள்தான் எண்களை நன்றாகக் கற்றார்கள்.

முதலில் மெதுவாகத்தான் போகும். 39 வந்ததும் பிள்ளை திணறும். அப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் நம் வேலை, ரொம்பக் கஷ்டமான வேலை.

பத்து கூட்டிப் பழக அதே பலகையை எடுப்பது

பாம்பு ஏணிப் பலகையில் எண்கள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. 37-க்கு நேர் மேலே இருப்பது 47 அல்ல, 44. பத்து கூட்டிப் பழக ஒவ்வொரு வரிசையும் இடமிருந்து வலமாகவே போகும் நூறு கட்டத் தாளை நீங்களே போடுங்கள். அதில் 37-க்கு நேர் கீழே 47, அதற்குக் கீழே 57. பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக் கத்தும், பாருங்கள்.

விரல் விட்டு எண்ணாதே என்பது

விடட்டும். 3-உம் 8-உம் கூட்டும்போது பெரிய எண்ணை மனதில் வைத்து, மூன்று விரல் மட்டும் விடக் காட்டிக்கொடுங்கள்.

வாய்ப்பாட்டை வரிசையாகவே ஒப்பிக்க வைப்பது

வரிசை ஒரு பாட்டு மாதிரி ஆகிவிடும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை ஓரேழிலிருந்து ஆரம்பிக்கும். சீட்டுக்கட்டில் படம் போட்ட சீட்டுகளை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒன்று திருப்பிப் போட்டு இரண்டையும் பெருக்கி ஆடுங்கள். அதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு புள்ளி வைத்து, தாளைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டுங்கள்: இப்போது ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று, புள்ளிகள் அதே 21. பத்து வரையிலான வாய்ப்பாட்டில் இருக்கும் 100 பெருக்கல்கள் இப்படி 55 ஆகக் குறைந்துவிடும். இது புரிந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

தப்பானால் மட்டும் "எப்படிச் செய்தாய்?" என்பது

சரியாகச் சொன்னாலும் கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் கேட்ட உடனே பிள்ளை விடையை மாற்றிவிடும்.

நேரம் வைத்து ஆடுவது

வேண்டாம்.

அலுப்புத் தட்டும்வரை இழுப்பது

"இன்னும் ஒரு ஆட்டம்" என்று பிள்ளை கேட்கும்போதே பலகையை மடித்துவிடுங்கள். மறுநாள் அதுவே எடுத்துக்கொண்டு வரும்.