தனி விசை புதிய கணினியில் இறங்க மறுத்தால்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதிக் கணக்குகளைப் பார்க்கும் நண்பர் ஒருவர், வெளிநாட்டு வாடிக்கையாளருடன், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த மின்னஞ்சலில் விலை பேசுபவர். சென்ற மே மாதம் புதிய கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி, அந்த அஞ்சல்களைத் திறக்க உதவும் தனி விசையைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த கோப்பைக் கொடுத்தபோது, கடவுச்சொல் தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. பழைய கணினியை அவர் இன்னும் ஃபார்மேட் செய்திருக்கவில்லை என்பது நல்ல காலம்.

முதலில் கோப்பை நோட்பேடில் திறந்து அதன் முதல் வரியைப் படிக்க வேண்டும். அங்கே ‘பிரைவேட் கீ பிளாக்’ என்று இருந்தால் அது தனி விசை. ‘பப்ளிக் கீ பிளாக்’ என்று இருந்தால் நீங்கள் எடுத்து வைத்தது, மற்றவர்கள் உங்களுக்கு அனுப்பும் அஞ்சலைப் பூட்டப் பயன்படுத்தும் பொது விசை மட்டுமே. அதைக் கொண்டு, உங்களுக்கு வந்த அஞ்சல் எதையும் திறக்க முடியாது. முதல் வரியின் இரு முனைகளிலும் ஐந்தைந்து சிறுகோடுகள் இருக்க வேண்டும்; கோப்பாக அனுப்பாமல் வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ ஒட்டி எடுத்திருந்தால், அவை நீண்ட கோடுகளாக மாறியிருக்கவும், வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கவும் கூடும்.

அடுத்தது, எந்தக் கடவுச்சொல் என்ற கேள்வி. விசைகளை நிர்வகிக்கும் தனி மென்பொருளான கிளியோபாட்ராவிலிருந்து எடுத்த கோப்பு, விசைக்கு நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்த கடவுச்சொல்லையே கேட்கும். 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல் தண்டர்பேர்ட் தானே விசைகளை நிர்வகிக்கிறது. அதிலிருந்து காப்புப் பிரதி எடுக்கும்போது புதிதாக ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும், அந்தக் கோப்பைத் திறப்பது அதுவே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விசையே கெட்டுவிட்டது என்று கைவிட்டவர்கள் உண்டு.

நண்பருடைய கோப்பும் சரியாக இருந்தது, கடவுச்சொல்லும் நினைவில் இருந்தது. அதியமானின் தகடூர்ப் பகுதிக்காரருக்கு ஏற்றபடி ‘ஔவைக்குத் தந்த நெல்லி’ என்று வைத்திருந்தார். பழைய கணினியின் விசைப்பலகையில் ‘ஔ’ கிடைக்காமல் ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்துகளாக அடித்துப் பழகியவர், புதியதில் ஒரே எழுத்தாக அடித்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கடவுச்சொல் பெட்டியிலோ வெறும் புள்ளிகள்தான் தெரியும்; மென்பொருளோ எழுத்துகளின் குறியீட்டு எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. ‘தொப்பூர்’ என்ற சொல்லில் வரும் ‘தொ’வுக்கும் இதே சிக்கல் உண்டு: அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் தரநிலையான யூனிகோடில் 2005இல் ‘ஶ’ சேர்ந்தபின், பார்வைக்கு வேறுபாடே இல்லாத இரண்டு வடிவங்கள் அதற்கு இருக்கின்றன.

பழைய கணினி கையில் இருந்தால், அங்கேயே விசையின் கடவுச்சொல்லை ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்டதாக மாற்றிவிட்டு, மறுபடியும் ஒரு பிரதி எடுப்பதே சுருக்கமான வழி. தமிழில் கடவுச்சொல் வைப்பது எனக்கும் பிடிக்கும் என்றாலும், விசைக்கு மட்டும் அதைத் தவிர்க்கவே சொல்வேன். பழைய கணினி போய்விட்டதென்றால், இணையத்தைத் துண்டித்துவிட்டு, நோட்பேடில் இந்த மாற்று வடிவங்களை ஒவ்வொன்றாக எழுதித் தண்டர்பேர்டின் பெட்டியில் ஒட்டிப் பார்க்கலாம்; முடிந்ததும் சேமிக்காமல் மூடி, கிளிப்போர்டு வரலாற்றையும் அழித்துவிட வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் அந்த விசையை மீட்டுத் தர யாராலும் முடியாது. விசை இனிச் செல்லாது என்று அறிவிப்பதற்காக முன்பே எடுத்து வைத்த ரத்துச் சான்றிதழைக் கொண்டு அதை ரத்து செய்து, புதிய விசையை உருவாக்கி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டியதுதான்.

விசை இறங்கிய பிறகும் அஞ்சலில் கையொப்பமிட முடியவில்லை என்றால், பெரும்பாலும் அதைக் கணக்கு அமைப்பில் உங்கள் சொந்த விசையாகத் தேர்வு செய்யாததே காரணம். விசையை அடையாளம் காட்டும் 40 எழுத்துத் தொடரான ‘கைரேகை’ இரு கணினிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, உங்களுக்கே மறையாக்கம் செய்த அஞ்சல் ஒன்றை அனுப்பிப் புதிய கணினியில் திறந்து, ஓராண்டுக்கு முந்தைய பழைய அஞ்சல் ஒன்றையும் திறந்த பின்பே பழைய கணினியை ஃபார்மேட் செய்யுங்கள்.