கவிதையும் வேண்டும், பல்கலைக்கழக வேலையும் வேண்டும்: தென்னாப்பிரிக்காவில் எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கவிதை எழுதுவதற்கு இங்கே எந்தப் பல்கலைக்கழகமும் சம்பளம் தராது. பாடம் நடத்துவதற்கும் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கும்தான் தரும்; இதழ் நடத்துவது பெரும்பாலும் ஓசி உழைப்பு. டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும், தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்திருப்பவர்களும் கவிதை, பல்கலைக்கழக வேலை, இதழ் மூன்றையும் சேர்த்து ஓட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் எது எங்கே கணக்கில் ஏறும் என்று தெரியாமல் இறங்கினால், நாற்பது வயதில் கையில் நல்ல கவிதைகளும் ஆறு மாத ஒப்பந்த வேலையும்தான் மிஞ்சும்.

கணக்கு இதுதான். உயர்கல்வித் துறை அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள இதழில் ஒரு கட்டுரை வந்தால் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அலகு, அதற்கு அரசு மானியம். இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்குப் பாதி. உங்கள் மாணவர் ஆய்வேட்டை முடித்தாலும் பணம் வருகிறது. 'நியூ காயின்' என்ற கவிதை இதழில் உங்கள் கவிதை ஆறு பக்கத்துக்கு வந்தால் இந்தக் கணக்கில் பூஜ்யம். படைப்புகளையும் மதிப்பிட்டு மானியம் தரலாம் என்ற கொள்கை 2017-இல் வந்தது, இலக்கியமும் அதில் உண்டு. ஆனால் படிவம், வெளி மதிப்பீட்டாளர்கள் என்று அது வேறொரு நீண்ட பாதை. அதை நம்பிப் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்காதீர்கள், கிடைத்தால் போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஆய்வேட்டின் அத்தியாயங்களை எழுதும்போதே அவற்றைக் கட்டுரைகளாகவும் பிரித்து 'இங்கிலிஷ் இன் ஆப்பிரிக்கா', 'கரண்ட் ரைட்டிங்' போன்ற இதழ்களுக்கு அனுப்பப் பழகிக்கொள்ளுங்கள். அனுப்புமுன் அந்த வருடத்துப் பட்டியலில் இதழ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பெயர்கள் சேர்வதும் விழுவதும் உண்டு. "உங்கள் மேலான கட்டுரையை ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

படிப்பு விஷயம் சிக்கலில்லை. மூன்று வருட பி.ஏ., ஒரு வருட ஆனர்ஸ், அப்புறம் எம்.ஏ., பிஎச்.டி. படைப்பெழுத்தில் எம்.ஏ. வேண்டுமானால் மகாண்டாவில் (பழைய கிரகாம்ஸ்டவுன்) ரோட்ஸ், கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், வெஸ்டர்ன் கேப் ஆகிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. என் யோசனை: எம்.ஏ.வைக் கவிதையில் செய்யுங்கள், பிஎச்.டி.யை இலக்கிய ஆய்வில் செய்யுங்கள். எம்.ஏ. காலத்தில் ஒரு தொகுப்புக்கான கவிதைகள் சேர்ந்துவிடும், பிஎச்.டி. வேலை வாங்கித் தரும். விளம்பரத்தில் 'முதுகலை போதும்' என்று போட்டிருந்தாலும் நேர்முகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முனைவர்கள். தென்னாப்பிரிக்கக் குடிமக்களானால் அரசின் என்கேப் (nGAP) திட்டத்தை விசாரியுங்கள். 2015-இல் தொடங்கியது, இளம் விரிவுரையாளர்களை நிரந்தர இடத்தில் அமர்த்தி முதல் சில ஆண்டுகள் வகுப்புச் சுமையைக் குறைத்து ஆய்வேட்டை முடிக்க விடுகிறார்கள். இந்தியப் பட்டத்தோடு வருகிறவர்கள் வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் சாக்வா (SAQA) அமைப்பின் மதிப்பீட்டுக்குச் சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள், வேலை விளம்பரம் வந்த பிறகு ஓடினால் காகிதம் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

பாடம் நடத்துவது ஆனர்ஸ் வருடத்திலேயே டியூட்டராகத் தொடங்கிவிடும். முதலாண்டு மாணவர்கள் ஒரு சின்னக் கூட்டம், வாரம் ஒரு கவிதை, கட்டுக்கட்டாக விடைத்தாள். சம்பளம் சொற்பம்தான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள், பின்னால் 'கற்பித்தல் அனுபவம்' என்று காட்ட வேறெதுவும் இருக்காது. டர்பனில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஜூலுதான் வீட்டு மொழி. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் ஜூலு தெரியாத இளங்கலை மாணவர்கள் அதில் ஒரு பாடம் எடுத்தாக வேண்டும், ஆசிரியரும் கொஞ்சம் கற்றுக்கொண்டால் மரியாதை. ஆங்கிலேயக் கவிஞர்களின் யாப்பை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். கல்யாணத்திலும் இழவிலும் இசிபோங்கோ என்ற புகழ்ப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள், அடுக்கிச் சொல்வதும் திரும்பச் சொல்வதும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகளும் அப்படித்தான்: கோயில் இரவுகளில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று நாம் இங்கே சொல்லும் தெருக்கூத்தில் கட்டியக்காரன் எப்படி ஆளை அறிமுகம் செய்கிறான் என்று கேட்டுப் பாருங்கள், சொற்பொழிவு இல்லாமலே தாளம் பற்றிய பாடம் நடந்துவிடும்.

பட்டறை வகுப்புக்கு நான் வைத்திருக்கும் சட்டம் கறாரானது. கவிதையைப் பெயர் இல்லாமல் அச்செடுத்துக் கொடுப்பேன். எழுதியவரல்லாத இரண்டு பேர் சத்தமாக வாசிக்க வேண்டும். நாக்கு இடறும் இடத்தில் எல்லோரும் கோடு போட வேண்டும். முதல் பத்து நிமிடம் 'பிடித்தது, பிடிக்கவில்லை' என்ற பேச்சே கூடாது, கவிதையில் என்ன நடக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். எழுதியவர் கடைசிவரை வாயே திறக்கக் கூடாது. அதன்பின் கேட்பேன்: எந்த வரியை எடுத்தால் கவிதை செத்துவிடும்? எந்த வரியை எடுத்தால் யாருக்கும் தெரியாது? இரண்டாவது வகை வரிகள்தான் எப்போதும் அதிகம், அதிலும் கடைசி வரி.

இப்போது இதழ். என்னைக் கேட்டால் மூன்றில் முதலில் நுழைய வேண்டிய வாசல் இதுதான், அதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம். 'நியூ காயின்' 1965 முதல் ரோட்ஸிலிருந்து வருகிறது. கேப்டவுனின் 'நியூ கான்ட்ராஸ்ட்' 1960-இல் 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயரில் தொடங்கி 1990-இல் வேறொரு இதழோடு சேர்ந்து இப்போதைய பெயரைப் பெற்றது. இப்படிப்பட்ட இதழ்களில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். மெய்ப்புத் திருத்துகிறேன் என்று எழுதிப் பாருங்கள், அல்லது வந்து குவியும் கவிதைகளின் முதல் வாசிப்பைச் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு பருவம் அந்தக் குவியலைப் படித்தாலே உங்கள் கவிதையில் நீங்கள் பெருமைப்பட்ட உவமை வேறு பதினைந்து பேரிடமும் இருப்பது தெரிந்துவிடும், எந்த வகுப்பிலும் அது இவ்வளவு உறைக்காது.

ஆசிரியர் குழுவுக்கு வந்துவிட்டால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். கவிஞரைக் கேட்காமல் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடாதீர்கள். அச்சுக்குப் போகும் பக்கத்தை அவருக்கு அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள், வரி உடைவது பக்க அகலத்தால்தான் பெரும்பாலும் கெடுகிறது. உங்கள் மாணவர் அனுப்பியதை நீங்கள் படிக்காமல் இன்னொருவரிடம் கொடுங்கள். உங்கள் இதழில் உங்கள் கவிதை வேண்டவே வேண்டாம். மறுப்புக் கடிதம் மூன்று வரி போதும், ஆனால் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உரிமை பற்றி எழுத்தில் வாங்குங்கள்: முதல் வெளியீட்டு உரிமை மட்டும் இதழுக்கு, மற்றதெல்லாம் கவிஞருக்கு. பழைய கவிதையை மறுபதிப்பு செய்ய ஆசைப்பட்டால், 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் சட்டப்படி இங்கே பதிப்புரிமை எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கிறது, குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். புது இதழ் தொடங்கினால் ஐஎஸ்எஸ்என் (ISSN) என்ற இதழ் அடையாள எண்ணைத் தேசிய நூலகம் தரும், சட்டப்படி நூலகங்களில் பிரதி ஒப்படைக்க வேண்டும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் முசுண்டுசி நூலகமும் அதில் ஒன்று.

தமிழில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். தமிழ்த் துறையில் வேலை என்ற வழி இங்கே இல்லை. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் முன்பு தமிழ் கற்பித்தார்கள், அது மூடப்பட்டது. 2004-இல் அந்தப் பல்கலைக்கழகமே நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. இதழ்களிலும் நிலைமை புதிதல்ல. காந்தி 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' நான்கு மொழிகளில் வந்தது, 1906-இலேயே தமிழ்ப் பகுதியையும் இந்திப் பகுதியையும் நிறுத்த வேண்டி வந்தது, சரியாக நடத்த ஆள் கிடைக்கவில்லை. அந்தத் தட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது, உங்களுக்கு வாய்ப்பும் அங்கேதான். மொழிபெயர்ப்பாளராக நுழையுங்கள். சங்கப் பாடல் ஒன்றை ஆங்கிலத்திலும் எதிர்ப் பக்கத்தில் தமிழிலுமாக அனுப்பினால் பல இதழாசிரியர்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள். ஆனால் யூனிகோடில் அனுப்புங்கள், பழைய எழுத்துருவில் வேண்டாம். வடிவமைப்பவர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைப் போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாததால் அப்படியே அச்சாகியும் விடும். பிடிஎஃப்பை நீங்களே ஒருமுறை எழுத்து எழுத்தாகப் பார்த்தாக வேண்டும்.

இதெல்லாம் கூடிவராமல் போனாலும் கவிதை நிற்காது. டர்பனின் பெரிய கவிஞர்களில் ஒருவரான டக்ளஸ் லிவிங்ஸ்டன் பாக்டீரியா ஆய்வாளராகக் கடல் நீரின் மாசைச் சோதித்துக்கொண்டே எழுதினார். பேராசிரியராக இருந்துகொண்டே எழுதியவர்களும் உண்டு: ஜூலுவில் எழுதிய கவிஞர் மசிசி குனேனே கலிபோர்னியாவில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். வேலை கிடைத்தவர்களுக்கு வேறு ஆபத்து: தேர்வுத் தாள், குழுக் கூட்டம், பிறர் ஆய்வேடு என்று வருடம் ஓடிவிடும். வாரத்தில் ஒரு காலையைப் பூட்டி வையுங்கள், துறைத் தலைவர் கூப்பிட்டாலும் அந்த நேரம் வகுப்பு இருக்கிறது என்றே சொல்லுங்கள்.

முதல் தொகுப்பை உலாங்கா, மொஜாஜி, டீப் சவுத் போன்ற சிறு பதிப்பகங்களுக்கு அனுப்பலாம். வருடம் முழுக்க வாங்கமாட்டார்கள், வாசல் திறக்கும் மாதத்தை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தொகுப்பில் மூன்றில் ஒரு பங்காவது இதழ்களில் வந்திருந்தால் நல்லது, எந்த இதழில் எப்போது வந்தது என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், நன்றிப் பக்கம் எழுதும்போது தேட நேரம் இருக்காது. முதல் தொகுப்புக்கென்றே இன்கிரிட் ஜோங்கர் பரிசு இருக்கிறது, ஒரு வருடம் ஆங்கிலத்துக்கு, மறு வருடம் ஆப்பிரிகான்ஸுக்கு. எந்த வருடத்தில் புத்தகம் வருகிறது என்பதைப் பதிப்பகத்தாரிடம் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள்.