நாலு சேனலில் ஓடினால் உண்மையாகிவிடுமா?

மழைக்காலம் வந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி ஒரு நியூஸ் கார்டு வந்து விழும்: 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை'. பெரிய சேனலின் லோகோ, அதே சிவப்புப் பட்டை. ஒருமுறை அதை நம்பி என் தங்கை பையனை எழுப்பாமல் விட்டுவிட்டாள். கார்டு அசல்தான். ஆனால் முந்தைய வருஷத்து மழைக்குப் போட்டது. மூலையில் பொடி எழுத்தில் தேதி இருந்தது, யார் பார்த்தார்கள்?

லோகோவைப் பார்த்ததும் நம்பிவிடுவதுதான் நாம் அதிகம் செய்கிற தவறு. இது பழைய கார்டு. ஆனால் போலிக் கார்டையே செல்போனில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். சந்தேகம் வந்தால் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அந்தக் கார்டு இருக்கிறதா, என்ன தேதி என்று பாருங்கள். அதைவிட, முடிவெடுப்பவர் யாரோ அவரிடமே போவது நல்லது. மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் அறிவிப்பு இல்லையென்றால் பையனைக் கிளப்புங்கள்.

'எல்லா சேனல்லயும் ஓடுதே, பொய்யா இருக்குமா?' என்று கேட்பது இதைவிட மோசம். 2016 டிசம்பர் 5 மாலை நினைவிருக்கிறதா? ஜெயலலிதா இறந்துவிட்டதாகத் தமிழ்ச் சேனல்கள் சில அறிவித்தன. அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் கொடியே அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்பல்லோ மறுத்ததும் மறுபடி ஏறியது. அவர் இறந்தது இரவு 11.30 மணிக்கு என்று மருத்துவமனை அறிவித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. 'கடைசியில் சரியாத்தானே சொன்னாங்க' என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. மாலையில் அவர்கள் சொன்னது தவறு, அவ்வளவுதான்.

அப்புறம், இந்த 'எனத் தகவல்', 'கூறப்படுகிறது', 'வட்டாரங்கள் தெரிவித்தன'. யார் கூறியது, எந்த வட்டாரம்? பெயரை வெளியே சொல்ல முடியாத ஆளும் இருப்பார், சரி. செய்தி முழுக்க ஒரு பெயரோ ஆவணமோ இல்லையென்றால் அதை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். 'கூட்டணி உடைகிறதா?' என்று தலைப்பே கேள்வியாக வந்தால், உடைந்த செய்தி அவர்கள் கையில் இல்லை என்று அர்த்தம்.

கட்சி டிவி என்று அடியோடு ஒதுக்குவதும் தவறுதான். தி.மு.க. ஆட்சியின் ஓட்டைகளை அ.தி.மு.க. ஆதரவு நியூஸ் ஜெ தேடித் தேடிச் சொல்லும், அ.தி.மு.க. ஆட்சியென்றால் கலைஞர் டிவி. இரண்டையும் பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கும்.

சந்தா கட்டுவதற்கு முன் நான் ஒன்றைத்தான் தேடுவேன்: தங்கள் தவறைத் தாங்களே அச்சிடுகிறார்களா? 'தி இந்து' 2006இல் இதற்கென்றே வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தது. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, பதவிப் பெயரில் ஒரு குழப்பம் என்று திருத்தப் பெட்டியில் வருவதெல்லாம் சில்லறை விஷயம்தான். நான் பேப்பரைப் பிரித்ததும் முதலில் படிப்பது அதைத்தான்.